ரோமாபுரியில் ஒரு நல்ல சாப்பாடு

1300-ஆம் ஆண்டில் எட்டாம் போனிஃபாஸ் என்ற போப்பாண்டவர் முதல் ஜூபிலியைப் பிரகடனம் செய்து, ரோமாபுரிக்கு யாத்திரையாக வந்து அங்குள்ள பிரதான ஆலயங்களைத் தரிசிக்கிறவர்களுக்குப் பாவ விமோசனம் உண்டென்று அறிவித்தது முதலாக, அந்நகரத்து ஜனங்களில் ஒரு கணிசமான பகுதியினர் அந்நியர்களுக்கு அன்னமிடுவதையே ஜீவனமாகக் கொண்டு வந்திருக்கிறார்கள். ஆறாம் அலெக்சாந்தர் போப்பாண்டவரின் காதற்கிழத்தியும், சேசரே போர்ஜியா, லுக்ரேசியா போர்ஜியா ஆகிய இருவரின் தாயாருமான வன்னோட்ஸா அம்மையார்கூட, காம்போ தெ ஃபியோரி என்னும் சதுக்கத்தின் அருகே பசுவின் பெயரைத் தாங்கிய சத்திரம் ஒன்றைத் தம் சொத்தாக வைத்திருந்தார் என்றால், அந்தத் தொழிலில் இருந்த லாபம் எத்தகையது என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். லாபம் உள்ள இடத்தில் வஞ்சனை நுழைவதற்கு வெகுகாலம் ஆவதில்லை. உள்ளிருப்பது வெளியே தெரியாத மண்குடுவைகளிலும் உலோகப் பாத்திரங்களிலும் மதுவை ஊற்றி, அளவில் கொஞ்சம் குறைத்து விற்கும் சாமர்த்தியத்தைக் கடைக்காரர்கள் நெடுநாள் கையாண்டதன் பலனாக, ஐந்தாம் சிக்ஸ்டஸ் போப்பாண்டவர் 1588-இல் மதுவை இனிக் கண்ணாடிக் குடுவைகளிலேயே அளந்து தரவேண்டுமென்று உத்தரவு போட்டார். அரை லிட்டர் கொள்ளும் ஃபோயெட்டா என்ற குடுவை அப்படிப் பிறந்ததுதான். பழைய பாணி மதுக்கடைகளில் அந்தப் பெயரை இன்றும் கேட்கலாம்.

மதுவுக்குக் கண்ணாடி வைத்த போப்பாண்டவரால் அடுப்பங்கரைக்குக் கண்ணாடி வைக்க முடியவில்லை. ஆகையால், ரோமாபுரிக்கு வருஷந்தோறும் வந்து குவியும் லட்சக்கணக்கான பிரயாணிகளில் ஒருவராக நாமும் அங்கே போய் இறங்கும்போது, நமக்கு எதிரே நிற்பது நானூறு வருஷத்துப் பழைய பிரச்னையே. ஒரு முறை வந்து போனால் மறுமுறை திரும்பி வாராத விருந்தாளியை நம்பி நடக்கும் கடைக்கு நற்பெயர் என்பது வீண் செலவு. நாளைக்கும் மறுநாளைக்கும் அதே தெருக்காரர் வந்து உட்கார்ந்தால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் உள்ள கடைக்கோ அதுவே மூலதனம். இந்த ஊரில் எந்த ஓட்டல் சிறந்தது என்று விசாரித்துக்கொண்டு அலைவதைவிட, இந்த ஓட்டலுக்குத் திரும்பத் திரும்ப வருகிறவர்கள் யார் என்று கவனிப்பதே உசிதமான மார்க்கம் என்று எனக்குத் தோன்றுகிறது.

திரேவி நீரூற்றைச் சுற்றியும், நவோனா சதுக்கத்தின் ஓரங்களிலும், பாந்தியன் கோவிலின் எதிரேயும், பல பாஷைகளில் அச்சடித்த உணவுப் பட்டியலை வர்ணப் படங்களோடு வாசலில் விரித்து வைத்து, வழியில் போகிறவர்களை வாருங்கள் வாருங்கள் என்று இரண்டு கைகளையும் நீட்டி அழைக்கும் சிப்பந்திகளைக் காணலாம். சமையல் நன்றாக இருக்கும் இடத்தில் ஆள் வைத்துக் கூப்பிட வேண்டிய அவசியம் ஏற்படுவதில்லையாதலால், இவர்களுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு நடையைக் கட்டுவது நலம். ஆனால் பிரசித்தி பெற்ற சின்னங்களின் பக்கத்தில் நல்ல சாப்பாடே கிடையாது என்று சிலர் அடித்துச் சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பாந்தியனுக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள மோந்தெச்சித்தோரியோ மாளிகையில் இத்தாலியப் பார்லிமெண்டின் பிரதிநிதிகள் சபையும், நவோனாவை ஒட்டியுள்ள மதாமா மாளிகையில் செனட் சபையும் கூடுகின்றன. அங்கே வேலை பார்க்கும் குமாஸ்தாக்களும் பத்திரிகைக்காரர்களும் மத்தியானம் எங்கேயாவது சாப்பிட்டாக வேண்டுமல்லவா? அவர்கள் நுழையும் சந்துகளைப் பின்பற்றிப் போனால், சதுக்கத்தில் கேட்கும் விலையைவிடக் குறைந்த விலைக்கு அதைவிட மேலான போஜனம் அகப்படுவது உண்டு.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ரோமாபுரிவாசிகள் பகல் போஜனத்தை ஏறக்குறைய 12.30 மணிக்கும் 2.30 மணிக்கும் இடையே முடித்துக்கொள்கிறார்கள், இரவில் 7.30 மணிக்கு முன்னால் அவர்களுடைய ஓட்டல்களின் அடுப்பு பற்றுவதில்லை, 8.30 மணிக்கு மேல்தான் மேஜைகள் நிறைகின்றன. நடுவில் உள்ள நேரத்தில் சமையற்காரர் தூங்குகிறார், அல்லது மறுவேளைக்கு வேண்டியதை நறுக்கிக்கொண்டிருக்கிறார். மாலை ஐந்து மணிக்கு முழுச் சாப்பாடு தயார் என்று சொல்லும் கடை எந்த ஊர்க்காரருடைய பசியை உத்தேசித்துச் சமைக்கிறது என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. உட்கார இடம் வேண்டுமென்றால் அன்று காலையிலேயே தொலைபேசியில் சொல்லி வைப்பது அங்கே சாதாரண வழக்கம். சொல்லாமல் போனால் காலி மேஜை கண்ணெதிரே இருக்கும்போதே இடமில்லை என்பார்கள். அதில் அவமதிப்பு ஒன்றுமில்லை. அந்த மேஜை 9 மணிக்கு வரப்போகிற குடும்பத்துக்கு உரியது, அவ்வளவுதான்.

நேரத்துக்கு ஒரு கட்டு இருப்பதுபோலவே கிழமைக்கும் ஒரு கட்டு உண்டு. வியாழக்கிழமை உருளைக்கிழங்கு மாவில் பிடித்த நியோக்கி, வெள்ளிக்கிழமை மாமிசத்தை விலக்கும் கத்தோலிக்க விரதத்தை அனுசரித்து மீன், சனிக்கிழமை மாட்டின் இரைப்பையைத் தக்காளியோடு வேகவைத்த பதார்த்தம் என்ற பழைய கிரமத்தை இன்றும் விடாமல் நடத்திவரும் சிறு ஓட்டல்கள், அதாவது திராத்தோரியாக்கள், அங்கே இருக்கின்றன. பருவத்தின் கட்டோ இதையெல்லாம்விடக் கடுமையானது; அதற்கு யூதர்களின் பதார்த்தம் ஒன்றை உதாரணமாகச் சொல்லலாம். 1555-இல் நான்காம் பவுல் போப்பாண்டவர் யூதர்களை டைபர் நதிக்கரையில், வெள்ளம் வந்தால் முதலில் முழுகும் ஒரு தாழ்ந்த நிலத்தில் மதில் வைத்து அடைத்தார். 1870-இல் போப்புகளின் அரசாட்சி வீழ்ந்த பிறகே அந்தச் சிறைவாசம் முற்றிலும் நீங்கிற்று. அந்த நெருக்கத்திலும் வறுமையிலும் வளர்ந்த யூதச் சமையலின் மகுடம் ஆர்ட்டிசோக் வறுவல்: முள்ளுச்செடி வகையைச் சேர்ந்த அந்த மொக்கை முற்றிய இதழ்களை நீக்கிச் சீவி, எண்ணெயில் ஒரு தரம் மெதுவாக வேகவிட்டு, பின்பு இதழ்களை விரித்துக் கொதிக்கும் எண்ணெயில் மறுபடியும் போட்டெடுத்தால், வெளியிதழ்கள் மொறுமொறுவென்றும் உள்ளே வெண்ணெய் போலவும் ஒரு பெரிய செவ்வந்திப் பூவைப்போல் தட்டில் மலர்ந்து கிடக்கும். ரோமாபுரிக்குரிய உருண்டை ஆர்ட்டிசோக் குளிர்காலத்தின் பிற்பகுதியிலிருந்து வசந்தத்தின் நடுப்பகுதி வரை, சுமாராக பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையில்தான் செழிப்பாகக் கிடைக்கும். ஆகஸ்டு மாதத்தில் அதைக் கேட்டால் இப்போது இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லும் பரிசாரகர் இருக்கிறாரே, அவரிடம் வேறு எதையும் தைரியமாகக் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம். உறைநிலையில் வைத்திருந்த பண்டத்தை உபயோகிக்கும் கடைகள், உணவுப் பட்டியலில் அதன் பெயரருகே ஒரு நட்சத்திரக் குறி போட்டு, அடியில் பொடி எழுத்தில் உண்மையை ஒப்புக்கொள்வது வழக்கமாதலால், பட்டியலைக் கீழிருந்து படிக்கத் தொடங்குவது நல்ல பழக்கம்.

நதியைத் தாண்டி திராஸ்தேவெரே பேட்டைக்குப் போகும்படி எல்லா வழிகாட்டிப் புஸ்தகங்களும் உபதேசிக்கின்றன. அந்த உபதேசத்தை உலகமே கேட்டு நடந்ததன் விளைவை அங்கே சனிக்கிழமை இரவில் போய்ப் பார்த்தால் தெரியும். அதற்குப் பதிலாக டெஸ்டாச்சோ என்னும் பேட்டையை நான் சிபாரிசு செய்வேன். பழைய சாம்ராஜ்ய காலத்தில் ஸ்பெயினிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆலிவ் எண்ணெய் ஏற்றி வந்த ஜாடிகளை உடைத்து அடுக்கியதால் உண்டான சுமார் 35 மீட்டர் உயரமுள்ள ஓட்டுக் குன்று ஒன்று அங்கே நிற்கிறது. அதன் காலடியில் 1888-இல் கட்டத் தொடங்கிய நகரத்துப் பெரிய கசாப்புச் சாலை 1975 வரையில் நடந்தது. அங்கே உழைத்தவர்களுக்குக் கூலியின் ஒரு பகுதியாக, பணக்காரர் வேண்டாமென்று ஒதுக்கிய வாலையும் குடலையும் கொடுக்க, அவற்றை எதிரே இருந்த சாப்பாட்டுக் கடைகள் மணிக்கணக்கில் தக்காளியிலும் செலரித் தண்டிலும் வேகவைத்துப் பரிமாறின. மாட்டிறைச்சி உண்ணாதவர்களுக்கு அந்தப் பதார்த்தங்களால் பிரயோஜனம் இல்லைதான். ஆயினும் அந்தப் பேட்டையின் கடைகள் அந்தப் பேட்டைக்காரர்களுக்காகவே உண்டானவை என்பது எல்லாருக்கும் பயன்படும் விஷயம்.

ஓர் ஓட்டலின் கைப்பக்குவத்தை ஒரே தட்டில் அளந்துவிட விரும்புகிறவர், ரோமாபுரியின் நால்வகைப் பாஸ்தாக்களில் ஒன்றைக் கேட்கலாம். உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றிக் கன்னத்து இறைச்சியும், பெக்கொரீனோ என்னும் செம்மறியாட்டுப் பாலாடைக்கட்டியும், மிளகும் சேர்ந்தால் கிரீச்சா. அதில் தக்காளி சேர்ந்தால், மலைநாட்டு அமாத்ரிச்சே ஊரின் பெயர் கொண்ட அமாத்ரிச்சானா. தக்காளிக்குப் பதில் முட்டை சேர்ந்தால், இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகே பெயர் பரவிய கார்பொனாரா. கார்பொனாராவில் பாலேட்டை ஊற்றிக் கொடுக்கும் கடைக்கு மறுநாள் போக வேண்டியதில்லை. கிரீச்சாவிலிருந்து இறைச்சியை நீக்கிவிட்டால் எஞ்சுவது காச்சோ எ பேப்பே: பாஸ்தா, பாலாடைக்கட்டி, மிளகு, இவ்வளவே. இதில் ஒளித்து வைப்பதற்கு ஒன்றுமில்லை என்பதால் இதுவே கடினமான பரீட்சை. பாஸ்தா வெந்த நீரில் இறங்கியிருக்கும் மாவுச்சத்துதான் பாலாடைக்கட்டியைத் திரளவிடாமல் குழம்பாக்குகிறது. சூடு ஒரு பங்கு மிஞ்சினால் கட்டிகட்டியாகத் திரிந்துபோகும், குறைந்தால் கலவாமல் நிற்கும். சமையற்காரருடைய கவனம் அரை நிமிஷம் சிதறியதைக்கூடத் தட்டு காட்டிக்கொடுத்துவிடும். அந்த மிளகைப் பார்க்கும்போது, சேர நாட்டு முசிறித் துறையிலிருந்து கப்பலேறிய மிளகை வைப்பதற்காக டொமிஷியன் சக்கரவர்த்தி ஃபோரம் என்னும் பழைய பொதுச் சதுக்கத்தின் அருகே கட்டிய கிடங்கு தமிழருக்கு நினைவு வந்தால் குற்றமில்லை.

சைவ உணவுக்காரர்கள் சிறிது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அசலான பெக்கொரீனோ ரோமானோவை ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த சரக்கைக் கொண்டு உறைய வைக்கிறார்கள். பூண்டும் வினிகரும் சேர்ந்த புந்தாரெல்லே என்ற கீரைத்தண்டு சாலடிலும், பூசணி இனத்துப் பூவை மாவில் தோய்த்துப் பொரித்த வறுவலிலும் நெத்திலி வகை மீன் மறைந்திருக்கும். மாமிசம் வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் வந்துவிடும்; இரண்டும் வேண்டாமென்று தனித்தனியே சொல்ல வேண்டும். ஆர்ட்டிசோக் வறுவல், பூண்டும் மிளகாயும் போட்டு வதக்கிய சிக்கோரியாக் கீரை, தக்காளியும் பூண்டும் மட்டும் தூவிய மரினாரா பிட்ஸா என்று கேட்டு வாங்கினால், ஒருவாறு திருப்தியாகவே வயிறு நிறையும்.

பணம் கொடுக்கும் விஷயத்தில் அறியாமையால் வரும் மனஸ்தாபமே அதிகம். மேஜையில் அமர்வதற்கென்று தலைக்கு இவ்வளவு என்று வாங்கும் பழைய கட்டணத்தை, ரோமாபுரி அடங்கிய லாத்ஸியோ பிராந்தியம் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்துவிட்டது. ஆகவே ரொட்டிக்கு என்று ஓரிரு யூரோ பட்டியலில் காணும். ரொட்டி வேண்டாமென்று முதலிலேயே சொல்லித் திருப்பி அனுப்பலாம். மீனுக்கு எதிரே எழுதியிருக்கும் விலை பெரும்பாலும் 100 கிராமுக்கு உரியது; மீனைக் கொண்டுவந்து காட்டும்போதே எடை எவ்வளவு, மொத்த விலை என்ன என்று கேட்டுவிடுவது மரியாதைக் குறைவாகாது. முன்னுணவு, பாஸ்தா, மாமிசம், காய்கறி என்று பட்டியல் நாலு படியாக ஏறினாலும் எல்லாவற்றையும் சாப்பிட வேண்டிய கட்டாயமில்லை. ஒரு பாஸ்தாவும் ஒரு காய்கறியும் கேட்டால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். காப்பிக்கடையில் நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் வேறு விலை. சதுக்கத்தைப் பார்த்தபடி வெளியே உட்கார்ந்தால் அந்த விலை இன்னும் ஏறும். இனாம் கட்டாயமில்லை, சில்லறையை விட்டுவிட்டு எழுந்து வந்தால் போதும்.

ஆகஸ்டு 15-ஆம் தேதிப் பண்டிகையை ஒட்டிய நாட்களில் போகிறவர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு: முதலாளியும் சமையற்காரருமே குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய்விடுவதால், நான் மேலே சொன்ன லட்சணங்கள் பொருந்திய கடைகளே அந்தச் சமயத்தில் கதவில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டு மூடிக்கிடக்கும். அப்போது பிட்ஸாவைத் துண்டு போட்டு விற்கும் கடைகளை நாட வேண்டும். நீளமான தகட்டில் சுட்ட பிட்ஸாவில் எவ்வளவு வேண்டுமென்று கையால் காட்டினால், கத்திரிக்கோலால் வெட்டி, தராசில் வைத்து, காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். ஜனங்கள் அதிகம் வந்துபோகும் கடையாகப் பார்த்து, அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கிய தகட்டைக் கேட்க வேண்டும். தண்ணீருக்குப் புட்டி வாங்கவேண்டியதில்லை. 1874 முதல் தெருக்களில் நட்டு வந்த வார்ப்பிரும்புக் குழாய்கள் நகரத்தில் சுமார் 2,500 இருக்கின்றன. அவற்றிலிருந்து ஓயாமல் ஒழுகுவது குடிதண்ணீரே. குனிந்து சிரமப்பட வேண்டாம், மூக்குப்போல் வளைந்த குழாயின் வாயை ஒரு விரலால் அடைத்தால், மேலே உள்ள சிறு துவாரத்தின் வழியாகத் தண்ணீர் நம் வாய்க்கு நேராகப் பீறிட்டு வரும். முதல் தடவை சட்டையும் கொஞ்சம் நனையும்.