செயலி சொல்லும் கலோரி சரியா?

எடப்பாடியில் கபடிப் பயிற்சி முடித்து வீடு திரும்பும் ஓர் இளைஞரை எண்ணிக் கொள்ளுங்கள். மதியம் உண்ட சோற்றையும் குழம்பையும் கைபேசியில் உள்ள உணவுக் கணக்குச் செயலியில் பதிவு செய்கிறார். நொடிப்பொழுதில் விடை வருகிறது: இத்தனை கிலோ கலோரி, இத்தனை கிராம் புரதம். ஆய்வுக்கூடத்தில் அளந்தாற்போல் தோன்றுகிறது. ஆனால் கைபேசி அந்த உணவை அளக்கவே இல்லை!

பின் அது என்னதான் செய்கிறது? ஒரு பெருக்கல் கணக்கு. நாம் சொல்லும் எடையை, அட்டவணையில் அவ்வுணவுக்கு நேரே உள்ள எண்ணால் பெருக்குகிறது. இரண்டில் எது தவறினாலும் விடை தவறும்.

முதலில் அட்டவணையைப் பார்ப்போம். இந்திய உணவுகளின் சத்துப் பட்டியல் நம் நீலகிரியின் குன்னூரில் உருவாயிற்று. அங்கிருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் அய்க்ராய்டு 1937இல் அதனை வெளியிட்டார். அந்த ஆய்வுக்கூடமே பின்னர் ஐதராபாத்துக்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. அந்நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு அட்டவணையில் 528 உணவுப் பொருள்கள் உள்ளன. அதன்படி 100 கிராம் கேழ்வரகில் சுமார் 364 மில்லிகிராம் கால்சியம் உண்டு. பழைய அட்டவணையில் 344. ரகமும் மண்ணும் ஆய்வுமுறையும் மாறினால் எண்ணும் மாறும். எனினும் இவ்வேறுபாடு ஆறு சதவீதமே.

பெரும்பிழை எடையில்தான் நுழைகிறது. 100 கிராம் அரிசியில் சுமார் 350 கிலோ கலோரி உண்டு. வெந்ததும் அது நீரை உறிஞ்சி ஏறத்தாழ 300 கிராம் சோறாகிறது. நீரில் கலோரி இல்லை. ஆகவே அந்தச் சோற்றிலும் அதே 350தான். நம் வீரர் சோற்றை நிறுத்துவிட்டு, செயலியில் ‘அரிசி, 300 கிராம்’ எனப் பதிந்தால் 1,050 என்று காட்டும். 700 கிலோ கலோரி வெறும் கணக்கில் மட்டுமே! மாறாக, தாளித்த எண்ணெயைப் பதிய மறந்தால், மேசைக்கரண்டி ஒன்றுக்கு 120 கிலோ கலோரி விடுபடும். அரிசிம்பருப்புச் சாதம் செயலியில் இல்லாதபோது வேறொன்றைத் தேர்ந்தெடுப்பதும் பிழையே.

இயற்பியலில் பிழைகள் இருவகை. ஒரு நாள் கூடியும் மறுநாள் குறைந்தும் வருபவை ஒழுங்கற்ற பிழைகள். பல நாள் சராசரியில் இவை பெரிதும் நீங்கிவிடும். எப்போதும் ஒரே பக்கம் சாய்பவை முறையான பிழைகள். நுனி தேய்ந்த அளவுகோலால் நூறு முறை அளந்தாலும் பிழை போகுமா? நாள்தோறும் சோற்றை அரிசியாகப் பதிவதும் அத்தகையதே.

இதனால் என்ன கேடு? செயலி 3,000 கிலோ கலோரி என்று காட்ட, வீரர் உண்மையில் 2,300 மட்டுமே உண்டிருப்பார். கடும் பயிற்சிக்கு நடுவே இப்பற்றாக்குறை நீடித்தால் தசை கரையும், எலும்பு வலுவிழக்கும், பெண்களுக்கு மாதவிலக்குத் தடைபடும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இதைப் பற்றி எச்சரித்தது.

அப்படியாயின் செயலியை விட்டுவிடலாமா? வேண்டியதில்லை. அரிசியையும் பருப்பையும் சமைக்கும் முன்பே நிறுத்து, உண்பவர் பங்கைக் கணக்கிடுங்கள். எண்ணெயைப் பதியுங்கள். வீட்டுக் கிண்ணத்தின் கொள்ளளவை ஒருமுறை அளந்து வையுங்கள். வாரம் ஒருமுறை உடல் எடையையும் பாருங்கள். செயலி ‘போதும்’ என்று சொல்ல, எடையும் உடல் வலுவும் குறைந்துகொண்டே வந்தால், உடலை நம்புங்கள்; உணவியல் வல்லுநரைக் கலந்து கொள்ளுங்கள். செயலி நல்ல குறிப்பேடு. தராசின் வேலையை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.