மேல்மாடியில் நீர் வராதது ஏன்?

தொட்டிக்கு அருகில் குடியிருப்பவனுக்கே நீர் நன்றாகக் கிடைக்கும் என்று எண்ணுவது இயல்பு. நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். தில்லியில் நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி. தலைக்கு மேலேயே தொட்டி. ஆயினும் சென்ற கோடை முழுவதும் சமையலறைக் குழாயில் நூல் போலத்தான் நீர் வந்தது. தரைத்தளத்து வீட்டிலோ அருவி! இத்தனைக்கும் அவர்களுடைய தொட்டியும் மொட்டைமாடியில் எங்கள் தொட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

பிளம்பர் ஒருவர் வந்தார், குழாயை மாற்றினார், பணம் பெற்றுச் சென்றார். மூன்றாம் நாள் பழைய கதைதான். அடுத்து வந்தவர், வேறொரு குழாயை மாட்டிவிட்டு, இதுவும் சரிப்படாவிட்டால் மோட்டார் வையுங்கள் என்றார். “எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் படிக்கிறே, ஒரு குழாய்க்கு வழி சொல்லத் தெரியலையே!” என்றார் அம்மா, கீழ்வீட்டிலிருந்து வாளியோடு படியேறியபடி. வெட்கமாகத்தான் இருந்தது.

அதன் பிறகே கணக்கிட்டேன். நீரின் அழுத்தம் தொட்டியின் கொள்ளளவைப் பொறுத்ததன்று; நீர்மட்டத்துக்கும் குழாய் வாய்க்கும் இடையேயுள்ள உயரத்தையே பொறுத்தது. 10 மீட்டர் உயரமிருந்தால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ. எங்களுக்குக் கிடைப்பது 2.5 மீட்டர், அதாவது கால் கிலோ. தரைத்தளத்துக்கோ 11 மீட்டருக்கு மேல்!

நிற்க. உயரந்தான் காரணமென்றால் குளிர்காலத்தில் மட்டும் நீர் வந்தது எப்படி? இங்கேதான் காற்று குறுக்கிடுகிறது. கோடையில் எங்கள் தெருவுக்குக் காலையில் ஒரு மணி நேரமே நீர் விடுகிறார்கள். மாலைக்குள் தொட்டி வறண்டு, குழாய்க்குள் காற்று புகுந்துவிடுகிறது. மறுநாள் தொட்டி நிரம்பும்போது, குழாய் மேல்நோக்கி வளைந்த இடத்தில் அந்தக் காற்று சிக்கிக்கொள்கிறது. 11 மீட்டர் நீர் அதைத் தள்ளிவிடும். எங்கள் இரண்டரை மீட்டருக்கு அந்த வலு இல்லை. தொட்டி நிரம்பியும் குழாய் இருமித் துப்பினால், விடுதியின் மேல்மாடி நண்பர்கள் இதையே ஐயுறலாம்.

மூன்றாவதாக வந்த முதியவர் சமையலறைக் குழாயைத் தொடவேயில்லை. நேரே மொட்டைமாடிக்குப் போனார். ஒரு மேட்டைத் தாண்டுவதற்காக ஒட்டகத் திமில் போல் வளைந்திருந்த குழாயைப் பார்த்தார். அதன் உச்சியில் காற்றுப் போகச் சிறு குழாயொன்றை நிறுத்தினார். அதன் வாய் தொட்டியின் நீர்மட்டத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். இல்லையேல் நீர் வெளியே வழிந்துவிடும். கூலி, முன்னவர்கள் மாட்டிய குழாயின் விலையில் பாதிகூட இல்லை.

அவரைப் போன்றவர்களைத் தற்செயலாகத்தான் சந்திக்க வேண்டுமா? தொழிற்பயிற்சி நிலையங்களில் பிளம்பர் தொழில் கற்பிக்கிறார்கள். அவ்வாறு கற்றவர் வீட்டுக்கு வந்து, கோளாறின் காரணத்தைச் சொல்லி, கூலியையும் முன்கூட்டியே சொல்லும் நாளை நான் எதிர்பார்க்கிறேன். கட்டி முடிந்த வீட்டின் குழாய் வரைபடம் குடியிருப்போர் கையில் இருந்தால் பாதிச் சுவர்கள் உடைபடாமல் தப்பும். நீர் விடுகிறவர்களிடமும் ஒரு கேள்வி உண்டு. ஒடிசாவின் புரி நகரில் 24 மணி நேரமும் குழாயிலேயே குடிநீர் தரும் திட்டம் 2021-இல் தொடங்கியது. எந்நேரமும் அழுத்தமுள்ள குழாயில் காற்றும் புகாது. கசிவு வழியே சாக்கடையும் புகாது. தலைநகரில் எங்கள் தெருவுக்கு அது எப்போது வரும்?

சமையலறையில் இப்போது நீர் நன்றாக வருகிறது. அம்மா மட்டும் இரவில் இரண்டு வாளி பிடித்து வைக்காமல் உறங்குவதில்லை.