வழி திறந்த சுபேதார்

மலைமேல் வாழும் நெல்லிவாசல்நாட்டு அன்பர்களுக்குப் பாதையின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பிறர் நடக்கும் பாதைக்காகத் தம் உயிரையே ஈந்த தமிழர் ஒருவரை இங்கு நினைவுகூர்வோம்.

காஞ்சிபுரத்தை அடுத்த கீழ் ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்தவர் சுபேதார் சுப்பிரமணியன். 1780-இல் தோன்றிய சென்னைச் சாப்பர்கள் எனும் பொறியியற் படையில் அவர் பணியாற்றினார். அப்படையினரைத் 'தம்பிகள்' என அன்புடன் அழைப்பர். பாதை வகுத்தலும், பாலம் அமைத்தலும், கண்ணிவெடி அகற்றலும் அவர்தம் தொழில்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1944 பிப்ரவரி 24 அன்று, இத்தாலியில் மின்யானோ அருகே கண்ணிவெடிகள் புதைந்த நிலத்தில் அவரது குழு வழி திறந்துகொண்டிருந்தது. உடன் வந்த வீரர் ஒருவரின் காலடியில் வெடியொன்று இயங்கத் தொடங்கிற்று. எஞ்சியவை சில நொடிகளே. சுப்பிரமணியன் விலகி ஓடவில்லை. அதன்மேல் பாய்ந்து தம் உடலால் மூடினார். அவர் மாண்டார், தோழர்கள் பிழைத்தனர்.

பெருவீரத்துக்கென 1940-இல் ஏற்படுத்தப்பட்ட ஜார்ஜ் சிலுவை அவருக்கு அளிக்கப்பட்டது. அதனை அவர்தம் துணைவியார் பெற்றுக்கொண்டார்.

'ஒருவர் எல்லோருக்காக, எல்லோரும் ஒருவருக்காக' என்பது நம் கூட்டுறவு நெறி. அதன் முற்பாதியைச் சுப்பிரமணியன் நிறைவேற்றிச் சென்றார். போரில் உயிர் ஈந்தோரின் குடும்பங்களை மறவாது பேணிப் பிற்பாதியை நிறைவேற்றுதல் நம் கடமையாகும்.