ஆண்டாள் கையில் ஒருநாள் கிளி

"முப்பத்து நாலு வயசாச்சு. இந்த வாரமாவது ஆண்டாளைப் போய்ப் பாருடா!" என்று நண்பனின் அம்மா கெடு வைத்துவிட்டார். அவன் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கணக்கு எழுதுகிறவன். துணைக்கு நான்.

விருதுநகரில் பஸ் ஏறி, சிவகாசியில் அவனையும் அள்ளிப் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினால், எதிரே பதினோரு நிலைக் கோபுரம். அரசாங்கக் கடுதாசியின் தலையில் இருக்கிற முத்திரை இந்தக் கோபுரம்தான் என்று ஊர்க்காரர்கள் சத்தியம் செய்வார்கள். (மதுரைக்காரர்களிடம் சொல்லிவிடாதீர்கள், வம்பு!)

பெரியாழ்வார் கட்டிய மாலையைச் சூடி ஆண்டாள் அழகு பார்த்ததாகச் சொல்கிற கண்ணாடிக் கிணறு. நண்பனும் எட்டிப் பார்த்தான். உடனே முன்நெற்றியைத் தடவிக்கொண்டு நகர்ந்துவிட்டான். பாவம்!

நான் பார்க்க வந்தது கிளியை. ஆண்டாளின் இடது கையில் இருக்கிறதே, அது கல்லுமில்லை, வெள்ளியுமில்லை சார், இலை! மாதுளம்பூ மூக்கு. மரவள்ளி இலை உடம்பு. நந்தியாவட்டை இலையும் பனை ஓலையும் இறக்கை. அரளி மொட்டு வால். காக்காய்ப் பொன் கண். கட்டுவதற்கு வாழை நார். தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பத்தார் செய்கிறார்கள். ஒரு கிளிக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மறுநாள் அது பக்தர் யாருக்காவது போய்விடும். மறுபடி முதலிலிருந்து இலை பறிக்க வேண்டும்.

பி.காம். புத்தி சும்மா இருக்குமா? ஒரே நாளில் நூறு சதவீதத் தேய்மானம்! பால்கோவா கடைக்காரரிடம் கேட்டேன்.

"அண்ணாச்சி, ஒரு நாள் செய்ய முடியாமப் போனா?"

"ஆண்டாள் வெறுங்கையோட நிப்பாளாக்கும்? நடக்காது தம்பி."

மார்கழியில் இங்கே அரையர் சேவை உண்டு. கூம்புக் குல்லா, கையில் தாளம். பாசுரம் பாடி, அபிநயம் பிடித்து, அர்த்தமும் சொல்வார் அரையர். தமிழ்நாட்டில் ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, இந்த ஊர் ஆகிய மூன்றில்தான் பரம்பரையாக மிஞ்சியிருக்கிறது. அப்பாவிடம் பிள்ளை உட்கார்ந்து கற்க வேண்டும். டியூஷன் சென்டர் கிடையாது. பிள்ளை ஆபீஸ் வேலைக்குப் பஸ் ஏறிவிட்டால்?

எனக்குக் கேட்க வாயில்லை. மிளகாய் வத்தலைக் கையில் அள்ளினாலே எந்தப் பக்கத்துச் சரக்கு என்று சொல்லிவிடுவார் என் அப்பா. "கத்துக்கடா" என்றார். நான் டெபிட், கிரெடிட் கற்றுக்கொண்டேன்.

திரும்புகிற பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் மடியில், தட்டில், முந்தின நாள் கிளி! மாதுளம்பூ லேசாகக் கறுத்திருந்தது. நண்பன் அதையே பார்த்துக்கொண்டு வந்தான். சிவகாசி நெருங்கும்போது அந்த அம்மாள் கேட்டார்:

"தம்பிக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.