நண்பகல் இடைவேளையும் பலகை விளையாட்டும்

உழைப்புக்கு இடையே ஓய்வு வேண்டும் என்பதை மறுப்பார் இலர். ஆயின் அவ்வோய்வை எவ்வாறு கழிப்பது என்பதில் ஒவ்வொருவர்க்கும் ஒரு கருத்து உண்டு. கல்லூரி, அலுவலகம், கடை, பட்டறை என எவ்விடத்தும் நண்பகலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் இடைவேளை கிடைக்கின்றது. லுஹர் தொழுகைக்கும் உணவுக்கும் போக எஞ்சுவது 20 அல்லது 25 நிமிடமே. இச்சிறு பொழுது இன்று பெரும்பாலும் கைப்பேசித் திரையில் கரைகின்றது. ஒரே மேசையைச் சுற்றி அறுவர் அமர்ந்திருப்பர். அறுவர் உள்ளமும் ஆறு திசையில் இருக்கும். உடன் பணியாற்றுவோர் இப்பொழுதில் கூடி ஆடத்தக்க எளிய பலகை விளையாட்டுகள் யாவை, அவற்றை ஆடும் முறை யாது, அவற்றால் விளையும் பயன் யாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு பழைய நிகழ்வு

யாம் ஆசிரியப் பணியில் அடியெடுத்து வைத்த காலத்து நிகழ்வு ஒன்றை முதற்கண் கூறுதல் வேண்டும். அன்று யாம் பணியாற்றிய துறையில், பாட வேளைகளைப் பகிர்ந்துகொள்வது பற்றி மூத்த பேராசிரியர் இருவரிடையே பிணக்கு ஏற்பட்டது. ஒரு பருவம் முழுதும் அவ்விருவரும் ஒருவரோடொருவர் பேசவில்லை. ஏனையோரும் இரு பக்கமாகப் பிரிந்தனர். உணவுப் பாத்திரம் திறக்கும் ஓசையன்றி அறையில் வேறோசை இராது. எப்பக்கம் அமர்வது என்றறியாத எம்மைப் போன்ற இளையோர் வகுப்பறையிலேயே உண்டு முடித்தோம்.

ஒருநாள், துறை உதவியாளர் பயன்படாது கிடந்த மேசை ஒன்றின்மீது சாக்கட்டியால் ஆடு புலிக் கட்டம் வரைந்தார். 15 புளியங்கொட்டைகளையும் 3 கூழாங்கற்களையும் அதன் அருகில் வைத்துவிட்டு, "ஐயா, யாராச்சும் ஒருத்தர் புலியை எடுங்க" என்றார். மூத்தவர் ஒருவர் சிரித்தபடி புலியை எடுத்தார். யாம் ஆடுகளை எடுத்தோம். மூன்று நாள் தொடர்ந்து தோற்றோம். நான்காம் நாள் எமக்குப் பின்னே நின்று நோக்கிக்கொண்டிருந்த மற்ற மூத்தவரால் பொறுக்க இயலவில்லை. "அங்கே வைக்காதீங்க தம்பி, புலி தாண்டிடும்" என்றார். அவர் பேசியது எம்மிடந்தான். ஆயின் மறுமொழி எதிரிலிருந்து வந்தது: "அப்ப நீங்களே வந்து உட்காருங்களேன்." அவரும் உட்கார்ந்தார்.

அக்கட்டம் பிணக்கைத் தீர்த்துவிடவில்லை. பாட வேளைப் பங்கீட்டை முறையாகப் பேசி முடிக்க மேலும் இரண்டு மாதம் ஆயிற்று. எனினும் பேசுவதற்கு வாய் திறந்தது அக்கட்டத்தின் முன்னர்த்தான். பணியிடத்து விளையாட்டின் பயன் இவ்வளவே, இவ்வளவு போதும்.

பழந்தமிழில் பலகை

பலகை விளையாட்டு நமக்குப் புதியதன்று. 'வல்' என்னும் ஆட்டக் கருவியின் பெயர் 'நாய்', 'பலகை' ஆகிய சொற்களோடு புணருங்கால் எவ்வாறு திரியும் என்பதற்குத் தொல்காப்பியர் விதி வகுத்துள்ளார். ஈண்டு நாய் என்பது விலங்கன்று. பலகையில் வைத்து நகர்த்தும் காய். இலக்கணம் விதி வகுக்கும் அளவிற்கு அச்சொற்கள் மக்கள் வழக்கில் பயின்றிருந்தன என்பது இதனால் பெறப்படும்.

புறநானூற்றின் 52ஆம் பாடல், போரால் பாழ்பட்ட ஊர்ப் பொதியில் ஒன்றைக் காட்டுகின்றது. நரைத்த முதியோர் நாள்தோறும் காய் வைத்து ஆடியமையால் குழிந்துபோன இடம் அங்கே உண்டு. இன்று ஆடுவார் இல்லை. அக்குழிகளில் காட்டுக்கோழி முட்டையிட்டிருக்கின்றது. ஊர் அழிந்தது என்பதைச் சொல்லப் புலவர் மருதன் இளநாகனார் தேர்ந்தவற்றுள் ஒன்று ஆளற்ற ஆட்டக் களமாகும். மக்கள் கூடி ஆடும் இடமே உயிருள்ள இடம் என்னும் கருத்து இதனுள் பொதிந்து கிடத்தல் எண்ணத்தக்கது.

தேர்ந்தெடுக்கும் முறை

எல்லா ஆட்டமும் இடைவேளைக்கு ஏற்றதன்று. சதுரங்கம் அறிவுக்கு விருந்தேயாயினும், நிறுத்தி நிதானமாக ஆடுவோர்க்கு ஒரு மணி நேரமும் போதாது. ஆதலின் நான்கு அளவுகோல்களை யாம் கைக்கொள்கின்றோம். ஆட்டம் 20 நிமிடத்துள் முடிதல் வேண்டும். புதியவர்க்கு 2 நிமிடத்தில் விளக்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும். செலவு வைத்தல் கூடாது. பந்தயத்திற்கு இடம் தருதல் கூடாது.

ஆடு புலி ஆட்டம்

இந்நான்கிற்கும் முழுதும் பொருந்துவது ஆடு புலி ஆட்டம். உச்சியில் ஒரு புள்ளி வைத்து, அதிலிருந்து அடிக்கோடு வரை நான்கு கோடுகளை விரித்து வரைக. இடையே மூன்று குறுக்குக் கோடுகளை இருபுறமும் சற்றே நீளுமாறு இட்டு, அவற்றின் முனைகளை இணைக்க. உச்சியில் 1, மூன்று வரிசைகளில் 18, அடியில் 4 என 23 இடங்கள் அமையும். புலி 3, ஆடு 15. புலிகளை உச்சியிலும் அடுத்த வரிசையின் நடுவிலும் வைத்துத் தொடங்குவது பெருவழக்கு.

ஆடுகள் ஒவ்வொன்றாகக் களம் புகும். 15 ஆடுகளும் இறங்கும் வரை எந்த ஆடும் நகரலாகாது. புலியோ தொடக்கமுதல் நகரும். அடுத்த இடத்தில் ஆடு நின்று, அதற்கப்பால் அதே கோட்டில் இடம் வெறுமையாயின், புலி தாண்டி அவ்வாட்டை வெட்டும். ஆடுகளுக்கு வெட்டும் உரிமை இல்லை. மூன்று புலிகளையும் நகரவொட்டாது அடைப்பதே அவற்றின் வெற்றி. எத்தனை ஆடு வீழ்ந்தால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். தொடங்குமுன் பேசி வைத்துக்கொள்ளல் நன்று.

ஆடு எடுப்போர் முதலில் ஓரங்களில் காயை வைத்தல் வேண்டும். கோட்டின் முனையில் நிற்கும் ஆட்டைத் தாண்டிச் செல்லப் புலிக்கு இடமில்லை. அடுத்து, ஒவ்வோர் ஆட்டின் பின்னும் மற்றோர் ஆடு நிற்குமாறு பார்த்துக்கொள்ளல் வேண்டும். தனித்த ஆடு இரை. பின்னே துணையுள்ள ஆடு வேலி. வலிமை குன்றியோர் வலிமையுடையாரை எதிர்கொள்ளும் வழியை இதனினும் எளிதாக எப்பாடநூலும் கற்பித்ததில்லை.

பல்லாங்குழி

வரிசைக்கு 7 ஆக 14 குழிகள் கொண்டது பல்லாங்குழி. பதினான்கு குழி என்பதே பன்னாங்குழி, பல்லாங்குழி எனத் திரிந்தது என்பர். குழிக்கு 5 காய் வீதம் 70 காய் வேண்டும். புளியங்கொட்டையோ சோழியோ போதும். ஒருவர் தம் பக்கத்துக் குழி ஒன்றில் உள்ளவற்றை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டு வருவார். கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர்வார். அக்குழி வெறுமையாயின் அதனைத் துடைத்துவிட்டு, அதற்கடுத்த குழியில் உள்ளவற்றை எடுத்துக்கொள்வார். ஆட்டம் எதிரிக்குச் செல்லும். இடையே ஒரு குழியில் 4 காய் சேர்ந்தால் அது 'பசு'. குழிக்கு உரியவர் அதனை எடுத்துக்கொள்வார். ஒரு சுற்றோடு நிறுத்திக்கொண்டால் இடைவேளைக்குள் முடிந்துவிடும்.

எம் நன்னியார் நோன்பு மாதத்துப் பகற்பொழுதுகளில் அண்டை வீட்டாரோடு பல்லாங்குழி ஆடியதைக் கண்டு வளர்ந்தோம். எழுதப் படிக்க அறியாத அவர், எந்தக் குழியை அள்ளினால் எங்கே முடியும் என்பதை விரல் விடாமல் கணக்கிட்டுக் கூறுவார். இது பெண்கள் ஆட்டம் என்று ஆண்கள் ஒதுங்குவது பொருந்தாது. இலங்கையிலும் மலேசியாவிலும் இதன் இனமான ஆட்டங்கள் உண்டு. அரபு நாடுகளில் இதனை மன்கலா என்பர். 'நகர்த்துதல்' என்னும் பொருளுடைய அரபுச் சொல்லடியாகப் பிறந்தது அப்பெயர். 1836இல் எகிப்திய மக்களின் வாழ்க்கை பற்றி நூல் வெளியிட்ட ஆங்கிலேயரான எட்வர்டு லேன், கெய்ரோ நகரத்தார் ஆடிய மன்கலாவையும் அதில் விளக்கியுள்ளார்.

பிற ஆட்டங்கள்

5 நிமிடமே எஞ்சியிருப்பின் மூன்று காய் ஆட்டம் ஏற்றது. ஒரு சதுரத்தை நெடுக்கும் குறுக்கும் மூலைக்கு மூலையும் கோடிட்டால் 9 இடங்கள் அமையும். ஆளுக்கு 3 காய். மாறி மாறி வைத்துப் பின் நகர்த்தி, மூன்றையும் ஒரே கோட்டில் சேர்ப்பவர் வென்றார். மூவர் நால்வர் இருப்பின், தாளில் வரிசைக்கு 5 ஆக 25 புள்ளியிட்டு, ஆளுக்கொரு கோடாக வரைந்து 16 கட்டங்களையும் அடைக்கலாம். கேரம் பலகை வாய்த்த இடத்தில் அதுவும் நன்று. 1991, 1995 ஆகிய ஆண்டுகளில் உலக வாகையர் ஆன மரிய இருதயமும், 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் சென்னை தந்த செல்வங்கள்.

சூதும் ஆட்டமும்

இவ்விடத்துப் பெரியோர் எழுப்பும் ஐயம் ஒன்று உண்டு. ஆட்டம் சூதுக்கு வழிகோலாதோ என்பதே அது. அவ்வச்சம் நியாயமானதே, 'வல்' என்பதற்கே உரையாசிரியர் சூதாடு கருவி எனப் பொருள் கூறுவர். திருக்குர்ஆன் ஐந்தாம் அத்தியாயத்தின் 90ஆம் வசனம் மதுவையும் சூதையும் ஒருங்கே விலக்குகின்றது. வள்ளுவரும் கள்ளுண்ணாமையை 93ஆம் அதிகாரமாகவும் சூதினை 94ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்துள்ளார். இரு நெறியும் இவ்விடத்து ஒன்றுபடுதல் கண்டு மகிழத்தக்கது. ஆதலின் தேநீர்ச் செலவு அளவிற்கேனும் பந்தயம் வைத்தல் கூடாது. பகடை உருட்டும் ஆட்டங்களை மார்க்க அறிஞர் பலர் விலக்கியுள்ளமையின் தாயத்தை யாம் இங்குச் சேர்த்திலோம். மேற்கூறிய ஆட்டங்கள் யாவும் கட்டையை நம்பாமல் கருத்தை நம்புவன. அவையும் தொழுகை நேரத்தையோ வகுப்பு மணியையோ விழுங்குமாயின் கைவிடத்தக்கனவே. மணி அடித்ததும் பாதியில் எழத் தெரிந்தவரே நல்ல ஆட்டக்காரர்.

நிறைவாக

பணியிடத்தில் ஒருவர் மேலவர், ஒருவர் கீழவர் என்பது தவிர்க்க இயலாதது. பலகையின் முன் அமர்ந்த 20 நிமிடத்திற்கு அவ்வேற்றத்தாழ்வு விலகி நிற்கின்றது. தற்காலிக விரிவுரையாளர் துறைத் தலைவரின் புலியை அடைக்கலாம். அதற்காக எவரும் முகம் சுளிப்பதில்லை.

புலியை எடுத்த எம் மூத்த பேராசிரியர் இன்று நம்மிடையே இல்லை. அவர் மறைந்த அன்று வந்திருந்த மற்றவர், எம் கையைப் பற்றிக்கொண்டு முதலில் கேட்டது, "அந்த மேசை இன்னும் இருக்கா தம்பி?" என்பதே. அந்த மேசை இன்று இல்லை. ஆயின் சாக்கட்டிக்கும் புளியங்கொட்டைக்கும் எந்நாளும் பஞ்சமில்லை. மாணவச் செல்வங்கள் நாளை எப்பணிக்குச் சென்றாலும், உணவு மேசையில் ஒரு கட்டம் வரைந்து, பேசாதிருப்பவர் ஒருவரை எதிரே அமர அழைப்பாராக. நம் பணியிடங்கள் காட்டுக்கோழி முட்டையிடும் பொதியிலாகாமல் காத்தற்கு அதுவே எளிய வழியாகும்.