ஒரு விசை, 25 ஃபிரேம்கள்

கல்யாண வீடியோ எடிட் செய்பவரிடம் முகூர்த்த நாள் முழுவதும் சில நூறு கிளிப்புகளாக வந்து இறங்கும். மாலை மாற்றுவது, தாரை வார்ப்பது, தாலி கட்டுவது, பந்தி என்று டைம்லைனில் வரிசையாக அடுக்கியாகிவிட்டது. இனி ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே டிரான்சிஷன் போடவேண்டும். தொழிலுக்குப் புதியவர் எஃபெக்ட்ஸ் பட்டியலைத் திறந்து, மவுஸால் ஒவ்வொன்றாக இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். பழகியவர் வேண்டிய கிளிப்புகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே ஒரு ஷார்ட்கட்டை அழுத்துவார். அடோபி பிரீமியரில் அது கண்ட்ரோலுடன் ‘டெல்லி’யின் ஆங்கில முதல் எழுத்து. டாவின்சி ரிசால்வில் கண்ட்ரோலுடன் ‘தமிழ்’ என்பதன் ஆங்கில முதல் எழுத்து. ஆப்பிளின் ஃபைனல் கட் புரோவிலும் அதே எழுத்துதான், கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட் விசை. எந்த டிரான்சிஷன் விழவேண்டும், எவ்வளவு நேரம் நீளவேண்டும் என்பதை செட்டிங்கில் முன்கூட்டியே குறித்து வைத்துவிட்டால் போதும்.

வேகம் இவ்வளவுதான். ஆனால் அப்படி அழுத்தியதும் பலருக்குத் திரையில் ஓர் எச்சரிக்கை வரும்: போதுமான காட்சி இல்லை, ஃபிரேம்கள் திரும்பத் திரும்ப வரும் என்று. பெரும்பாலானோர் ‘ஓகே’ கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

நொடிக்கு 25 ஃபிரேம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு காட்சி மங்க மங்க அடுத்தது அதன்மேல் எழும்பும் டிரான்சிஷன்தான் டிஸால்வ். ஒரு நொடி டிஸால்வ் என்றால் 25 ஃபிரேம்களிலும் இரண்டு காட்சிகள் ஒன்றாக இருந்தாகவேண்டும். முதல் காட்சி, வெட்டிய இடத்தைத் தாண்டி இன்னும் அரை நொடி ஓடவேண்டும். இரண்டாவது, தன் இடத்துக்கு அரை நொடி முன்பே தொடங்கவேண்டும். அந்த அதிகப்படி ஃபிரேம்கள் எங்கிருந்து வரும்? நாம் வேண்டாம் என்று ஒதுக்கிய பகுதியிலிருந்துதான். எடிட்டர்கள் இதை ஹேண்டில் என்பார்கள். பிற்பாடு பிரித்துவிட உதவும் என்று தையல்காரர் ரவிக்கையின் உள்ளே மடித்து விடும் துணியைப் போன்றது இது. கிளிப்பைக் கடைசி ஃபிரேம் வரை பயன்படுத்தித் தீர்த்துவிட்டால், மடித்து விடத் துணியே இல்லை.

அப்போது பிரீமியர் கடைசி ஃபிரேமையே உறையவைத்து ஒப்பேற்றும். டைம்லைனில் அந்த டிரான்சிஷன்மீது சாய்கோடுகள் விழுந்திருப்பதைப் பார்க்கலாம். வீடியோவில் எப்படித் தெரியும் என்றால், அட்சதை போடத் தூக்கிய கை அந்தரத்தில் நின்றுபோகும். நின்ற கையின்மேல் அடுத்த காட்சி எழும்பும். ஃபைனல் கட் வேறு வழி சொல்லும்: கிளிப்புகளின் ஓரத்தைக் கடித்து ஹேண்டில் தயாரித்துக்கொள்ளட்டுமா என்று கேட்கும். சரி என்றால் மொத்த நீளமே சுருங்கி, நாதஸ்வரத்துக்குப் பொருத்தி வெட்டிய வெட்டெல்லாம் நகர்ந்துவிடும். ஆகவே ஷார்ட்கட்டைத் தொடும் முன், ஒவ்வொரு கிளிப்பின் இரு முனையிலும் அரை நொடியாவது கழித்துவிட வேண்டும். கழித்த பகுதியையும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. கேமரா ஆடியதும் ஃபோகஸ் தவறியதும் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும், டிஸால்வ் அதை வெளியே இழுத்துவந்து காட்டிவிடும்.

ஒரு காலத்தில் இந்த வேலைக்குத் துணிச்சல் வேண்டியிருந்தது. பிரான்சில் ஜார்ஜ் மெலியே 1899-இல் ‘சிண்ட்ரெல்லா’ எடுத்தபோது டிஸால்வ் கேமராவுக்குள்ளேயே நடந்தது. காட்சி முடிகையில் லென்ஸின் துளையை மெல்ல மூடி, ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, அடுத்த காட்சியை அதே ஃபிலிமில் மெல்லத் திறந்து எடுக்கும் முறை அது. தவறினால் இரண்டு காட்சியும் பாழ். பிறகு லேபில் ஆப்டிகல் பிரிண்டர் வந்தது. ஓடும் ஃபிலிமை எதிரே இருக்கும் கேமரா மறுபடி படம்பிடிக்கும் இயந்திரம் அது. நகலின் நகல் என்பதால் படம் சற்றுக் கரகரக்கும். பழைய படங்களைக் கூர்ந்து பார்த்தால், டிஸால்வ் வருவதற்குச் சற்று முன்பே காட்சி திடீரென்று மங்குவது தெரியும். காட்சி மாறப்போகிறது என்று அதை வைத்தே சொல்லிவிடலாம்.

இன்று எல்லாம் வெறும் கூட்டல். முதல் காட்சியின் பங்கு நூறு சதவீதத்திலிருந்து இறங்க, இரண்டாவதன் பங்கு அதே வேகத்தில் ஏறும். ஒரு புள்ளி முதல் காட்சியில் வெள்ளை, அதாவது 255. இரண்டாவதில் கறுப்பு, 0. நட்டநடுவில் 128 வரும். கணக்கு சரிதான், வெளிச்சம்தான் சரியில்லை. வீடியோவின் எண்கள் ஒளியின் அளவை நேராகச் சொல்வதில்லை. நிழல் பகுதியின் நுட்பமான வேறுபாடுகளை நம் கண் நன்றாக உணரும் என்பதால், காமா என்ற வளைகோட்டின்படி அந்தப் பகுதிக்கு அதிக எண்களை ஒதுக்கியிருக்கிறார்கள். அதனால் 128 என்ற எண் திரையில் தரும் ஒளி, வெள்ளையின் 22 சதவீதம்தான். பாதி ஒளி வேண்டுமானால் எண் 186-க்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். குத்துவிளக்கிலிருந்து இருட்டான காட்சிக்குச் சாதாரண டிஸால்வ் போட்டால் சுடர் சட்டென்று மங்குவது இதனால்தான். பிரீமியரில் ‘ஃபிலிம் டிஸால்வ்’ என்று தனியாக ஒன்று இருக்கிறது. அது எண்களை ஒளியளவாக மாற்றிய பிறகே கலக்கும். சுடர் கடைசி வரை நின்று அடங்கும்.

ஒலிக்கும் இதே சிக்கல். இரண்டு ஒலிகளையும் பாதிப் பாதியாகக் கலந்தால் நடுவில் 3 டெசிபல் அளவுக்குச் சத்தம் குழிவிழும். கெட்டிமேளம் ஒரு கணம் மூச்சு வாங்கியது போலிருக்கும். ‘கான்ஸ்டன்ட் பவர்’ என்ற வகை, நடுவில் ஒவ்வொன்றையும் சுமார் 71 சதவீதத்தில் நிறுத்தி அந்தக் குழியைத் தூர்த்துவிடும். வெட்டுகளில் வரும் ‘டக்’ சத்தத்துக்கு இரண்டு ஃபிரேம் அளவுக்கு ஒலியைக் கலந்தாலே போதும்.

இதெல்லாம் சரி, எத்தனை டிரான்சிஷன் வேண்டும்? டிம் ஸ்மித், ஜான் ஹெண்டர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், திரைப்படத் துண்டுகளைக் காட்டி, வெட்டு வரும்போதெல்லாம் சொல்லுங்கள் என்று பார்வையாளர்களைக் கேட்டார்கள். ஒரே காட்சிக்குள் கோணம் மாறும் வெட்டுகளில் கால் பங்கை அவர்கள் கவனிக்கவே இல்லை. ஏதாவது ஓர் அசைவு தொடங்கும் நேரத்தில் விழுந்த வெட்டுகளில் இது மூன்றில் ஒரு பங்காக உயர்ந்தது. தேடிப் பார்த்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், கதையில் மூழ்கியிருப்பவரைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

ஆகவே மாப்பிள்ளை கையை நீட்டுகிற கணத்தில் வெட்டி, அடுத்த கோணத்தில் அந்தக் கை தாலியை எடுப்பதைக் காட்டினால் அங்கே எதையும் ஒட்டவைக்கத் தேவையில்லை. மண்டபத்திலிருந்து மறுவீட்டுக்குப் போகும்போது, காலம் கழிந்தது தெரியவேண்டும்போது டிஸால்வ் போடலாம். இதயம் விரிவதும் பக்கம் புரள்வதும் மென்பொருளில் இருக்கிறது என்பதற்காகப் போடுகிறவை. எனக்கு அவற்றில் ஒன்றுகூட உருப்படியாகத் தோன்றவில்லை.

கேமரா பிடிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காட்சி தொடங்கும் முன் இரண்டு நொடி, முடிந்த பின் இரண்டு நொடி கேமராவை அசைக்காமல் ஓடவிடுங்கள். எடிட் செய்பவர் அதை எந்த மென்பொருளாலும் பிறகு உண்டாக்கிக்கொள்ள முடியாது.