ஜெர்மனி: இசைத் தரவரிசை ரசிகர்களின் பற்றைக் காட்டுகிறதா?

ஜெர்மனியின் அதிகாரபூர்வ இசைத் தரவரிசைப் பட்டியல் வெள்ளிக்கிழமை தோறும் வெளியாகிறது. புதிய இசைத்தொகுப்பு ஒன்று முதலிடத்தில் நுழைவதும், அடுத்த வாரமே பல படிகள் சரிவதும் அதில் வழக்கமான காட்சி. ஆனால் சில கலைஞர்களின் பெயர்கள் பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றன. இந்த வேறுபாட்டிற்குக் காரணம் என்ன?

வாக்கு வங்கியும் பொது வாக்காளரும்

தேர்தல் அரசியலோடு ஒப்பிட்டால் இது எளிதில் விளங்கும். முதல் வாரத்தில் இசைத்தொகுப்பை வாங்குவோர் அக்கலைஞரின் நிலையான வாக்கு வங்கி போன்றவர்கள். பாடல்களைக் கேட்பதற்கு முன்பே பணம் கொடுத்திருப்பார்கள். ஆனால் ஒருவர் ஒரு தொகுப்பைப் பெரும்பாலும் ஒரு முறைதான் வாங்குவார். எனவே பட்டியலில் நீடிக்க வேண்டுமானால், வாரந்தோறும் புதியவர்கள் வர வேண்டும்.

ஷ்லாகர் எனப்படும் ஜெர்மன் மொழி மெல்லிசைப் பாடகி ஆண்ட்ரியா பெர்க்கின் தெரிவுப் பாடல் தொகுப்பு இதற்குச் சான்று. 2001இல் வெளியான அத்தொகுப்பு 300 வாரங்களுக்கும் மேலாகப் பட்டியலில் இருந்தது. தீவிர ரசிகர்களால் மட்டும் இது நடந்திருக்க முடியாது.

எதை எண்ணுகிறார்கள்?

பட்டியல் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதும் முக்கியமானது. 2005இல், யூரோவிஷன் பாடல் போட்டிக்கு ஜெர்மனியின் சார்பில் தேர்வான கிராசியாவின் பாடல், குறுந்தட்டுகளைத் தயாரிப்பாளர் தரப்பே பெருமளவில் வாங்கியது தெரியவந்ததையடுத்து, தரவரிசையிலிருந்து சில வாரங்கள் நீக்கப்பட்டது. கீவ் நகரில் நடந்த இறுதிச் சுற்றில் அப்பாடல் கடைசி இடத்தையே பெற்றது. விலைக்கு வாங்கிய இடம், கேட்பவர்களின் ஆதரவாக மாறவில்லை.

2007 முதல் ஜெர்மனியில் விற்பனை எண்ணிக்கைக்குப் பதிலாக விற்பனைத் தொகையே அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. இதன்படி, சட்டையும் சுவரொட்டியும் சேர்த்து விற்கப்படும் விலையுயர்ந்த சிறப்புப் பெட்டியை வாங்கும் ரசிகரின் 'வாக்கு', சாதாரணக் குறுந்தட்டை வாங்குபவரின் வாக்கைவிட எடை கூடியதாகிவிடுகிறது. ராப் இசைக் கலைஞர்கள் பலர் இத்தகைய பெட்டிகளின் துணையுடன் முதல் வாரத்தில் உச்சம் தொட்டனர்.

கட்டணம் செலுத்தி இணையத்தில் கேட்பது, தனிப்பாடல் பட்டியலில் 2014இலும் இசைத்தொகுப்புப் பட்டியலில் 2016இலும் சேர்க்கப்பட்டது. ஜெர்மனியில் இணைய ஒலிபரப்பின் வருமானம் குறுந்தட்டு வருமானத்தை முந்தியது 2018இல்தான். ஒரே பாடலை நூறு முறை கேட்பவரின் பற்றும் இப்போது கணக்கில் ஏறுகிறது. முன்பு அவர் வாங்கிய ஒரு தட்டு மட்டுமே ஏறியது.

அகதியல்ல, ஆனால் வந்தேறியவர்

ருமேனியாவின் பிரஷோவ் நகரில் 1949இல் பிறந்த பீட்டர் மஃபாய், 1963இல் பெற்றோருடன் ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்தவர். 1979இல் வெளியான அவரது 'ஸ்டெப்பன்வொல்ஃப்' முதலிடம் பிடித்தது. அதன்பின் ஒவ்வொரு பத்தாண்டிலும் அவரது இசைத்தொகுப்புகள் அந்த இடத்தை எட்டியுள்ளன.

இளமையில் அவரைக் கேட்டவர்கள் முதுமையிலும் வாங்கினார்கள் என்பது ஒரு காரணம். மற்றொன்று, 1983இல் அவர் உருவாக்கிய 'டாபலூகா' என்ற சிறுவர் இசைக்கதை. பச்சை நிற டிராகன் குட்டியின் அக்கதை வழியாக, பெற்றோரின் பாடகர் பிள்ளைகளுக்கும் அறிமுகமானார். நீடிக்கும் பற்று தலைமுறை கடந்து கையளிக்கப்பட வேண்டும் என்பதையே இது உணர்த்துகிறது.

பட்டியலில் இல்லாத பற்று

இது புலம்பெயர்ந்த தமிழர்களுக்குப் புதிய செய்தியல்ல. 1976இல் 'அன்னக்கிளி' மூலம் அறிமுகமான இளையராஜாவின் பாடல்கள், 1980களில் ஜெர்மனிக்கு வந்த ஈழத்தமிழர்களின் ஒலிநாடாக்களில் இருந்தன. இன்று அவர்களின் பிள்ளைகள் ஜெர்மன் மொழியில் பேசிக்கொண்டே அதே பாடல்களைத் திருமண மண்டபங்களில் கேட்கிறார்கள். கைக்குக் கை படியெடுக்கப்பட்ட அந்த நாடாக்களை எந்தப் பட்டியலும் எண்ணியதில்லை.

தரவரிசை ஒரு வாரத்தின் வணிகத்தைச் சொல்கிறது. அதில் இடம் கிடைப்பது கலைஞரின் வருமானத்திற்கும் வாய்ப்புகளுக்கும் உதவும். அதை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் ஒரு பாடல் யாருடைய வாழ்வில் எத்தனை ஆண்டுகள் தங்கியது என்று அறிய, அந்தப் பட்டியல் மட்டும் போதாது.